குப்பம்மா போட்ட நாலு கூறு

குப்பம்மா செத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. அவளோடு ஒரு நாள்கூட ஏரியில் இறங்காதவர்கள் எல்லாம் இப்போது அவளைப் பற்றிக் கதை கட்டுகிறார்கள். கோட்டை வைத்தியனை மயக்கிவிட்டாளாம். செத்த இறாலுக்கு உயிர் கொடுத்தாளாம். ஒரு மண்ணும் கிடையாது. நான் பக்கத்தில் நின்றவள். நடந்த கெடுதலில் பாதி என்னால் வந்தது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் பிறந்தது சுண்ணாம்புக்குளம். எங்கள் குப்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தபோது பதினான்கு வயது இருக்கும். கறுப்பு, குட்டை, முன்பல் கொஞ்சம் தூக்கல். அழகி என்று யாரும் சொன்னதில்லை, அவளும் அதற்காக ஏங்கியதில்லை. புருஷன் பச்சைமுத்து கடலுக்குப் போனவன். ஒருநாள் கட்டுமரம் தள்ளும்போது அலை மரத்தைத் தூக்கி அவன் மார்மேல் போட்டது. அதோடு கடல் வேலை போச்சு. உட்கார்ந்தபடி செய்ய முடிந்த வேலை என்று சுருட்டு சுற்றக் கற்றுக்கொண்டான். உள்நாட்டிலிருந்து வரும் புகையிலையை வாங்கி, நரம்பு உரித்து, வெல்லத் தண்ணீர் தெளித்துச் சுற்றி, பழவேற்காட்டுக் கோட்டை வாசலில் விற்பான். ஒல்லாந்துச் சிப்பாய்கள் தங்கள் களிமண் குழாயை விட்டுவிட்டு அவன் சுருட்டுக்கு வந்து நிற்பார்கள்.

குப்பம்மாவும் நானும் ஏரியில் இறால் தடவுகிறவர்கள். எங்களுக்கு வலை கிடையாது, தோணி கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, தலை மட்டும் வெளியே தெரிய, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பிடித்ததைப் போடும் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வோம். அது தாடைக்குக் கீழே பாதி முழுகித் தொங்கும். காலை முழுக்க அப்படித்தான். வாயைத் திறந்தால் பறி போய்விடும் என்பதால் பேச்சே இருக்காது. நான் அவளுக்கு எட்டு வயது மூத்தவள், அப்போதே தாலி அறுத்தவள். எனக்கு வாய் நீளம். இவ்வளவு காலம் என்னோடு ஒருத்தி சேர்ந்து வேலை செய்ததற்கு அந்தப் பறிதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள்.

வம்பு வந்தது ஒரு மாசி மாதம். ஒரு சிப்பாய், சுருட்டு தளர்வாக இருக்கிறது என்று பச்சைமுத்துவோடு சண்டை போட்டான். கையில் இருந்ததை இவன் முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் புதுக் கட்டு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனான். மறுநாள் காலையில் அந்தக் கட்டிலிருந்து இரண்டு சுருட்டுப் பிடித்தான். தலை சுற்றுகிறது என்றான், வாந்தி எடுத்தான், உச்சிப்பொழுதுக்குள் செத்துப்போனான். அந்தக் கட்டுக்குள் எட்டுச் சுருட்டு மீதி இருந்தது. பச்சைமுத்து இலையை ஊமத்தங்காய்ச் சாற்றில் ஊறவைத்துச் சுற்றியிருக்கிறான் என்று கூட இருந்த சிப்பாய்கள் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் அவனைக் கையைக் கட்டி இழுத்துப் போனார்கள்.

ஒல்லாந்தரின் பேச்சை எங்களுக்கும் எங்கள் பேச்சை அவர்களுக்கும் மாற்றிச் சொல்லும் துபாஷி வேணு குப்பத்துக்கு வந்து சேதி சொன்னான். முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் நிற்கிறது, ஐந்தாம் நாள் கிளம்பும், அதற்குள் கோட்டைத் துரை இந்த வழக்கை முடித்துக் காகிதம் அனுப்ப வேண்டும். விஷம் வைத்தது நிச்சயமானால் கொடிமரத்தில் தூக்கு. வைத்தியன் மட்டும் சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

வைத்தியன் ஒல்லியான ஆள். எப்போதும் வாயில் குழாய். எதைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்பான். அவன் யோசனை இதுதான். ஒரு நாய்க்குப் புகை காட்டி அது செத்தால், கிழட்டு நாய் என்று ஒருவன் சொல்வான். ஒரு உயிர் சாட்சி ஆகாது, இருபது வேண்டும். அதனால் கண்ணாடி ஜாடியில் ஏரித் தண்ணீர் ஊற்றி இருபது இறால் விடுவது. மூடியில் இரண்டு நாணல் குழல். நீளக் குழல் தண்ணீருக்குள் முழுகியிருக்கும், அதன் வெளி நுனியில் சுருட்டைச் செருகுவது. குட்டைக் குழலில் ஓர் ஆள் வாய் வைத்து இழுத்தால், உக்காவில் வருகிற மாதிரி புகை தண்ணீருக்குள் குமிழி விட்டுக்கொண்டு வரும். ஒரு ஜாடிக்கு அந்தக் கட்டில் மிஞ்சிய பச்சைமுத்து சுருட்டு. இன்னொன்றுக்குக் கோட்டைக் கிடங்கில் இருக்கும் அவர்களுடைய சொந்த இலையில் சுற்றிய சுருட்டு. எதில் அதிகம் சாகிறது என்று பார்ப்பது.

இறால் கொண்டுவரும் வேலை எங்கள் இரண்டு பேர் தலையில் விழுந்தது. துரை ஒரு நிபந்தனை போட்டான். குப்பம்மா குற்றவாளியின் பெண்டாட்டி. கொழுத்த இறாலாகப் பொறுக்கிப் புருஷன் ஜாடியில் விட்டுவிடுவாள். அதனால் அவள் பிடிப்பது கோட்டை இலை ஜாடிக்கு, நான் பிடிப்பது பச்சைமுத்து ஜாடிக்கு. கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது.

முதல் நாள் கோட்டை முற்றத்தில் நாங்கள் நிற்கும்போதே இழுத்தார்கள். பச்சைமுத்து சுருட்டை ஒரு தடிமாடு இழுத்தான். கோட்டை இலையை ஒரு கிழட்டுச் சிப்பாய் இழுத்தான். பிறகு மணல் விழும் கண்ணாடியை இரண்டு முறை திருப்பிப் போட்டுவிட்டு எண்ணினார்கள். பச்சைமுத்து ஜாடியில் இருபதுக்குப் பத்தொன்பது வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கோட்டை ஜாடியில் ஐந்து.

சிப்பாய்கள் சத்தம் போட்டார்கள். வைத்தியன் இறகுப் பேனாவை எடுத்தான். குப்பம்மா போய் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டாள். அவள் சொன்னதை வேணு முகம் சுளித்துக்கொண்டுதான் மாற்றிச் சொன்னான்.

"அந்தாளு உறிஞ்சினதப் பாத்தீங்களா ஐயா? ஒரு சுருட்டு நாலு மூச்சுல முடிஞ்சுபோச்சு. இந்தக் கெழவரு இருமிக்கினே பாதிப் பொகைய வெளிய வுட்டாரு. அளவு ஒண்ணா இல்லாதத எப்படிப் பக்கத்துல வெச்சுப் பாப்பீங்க?"

வேணு தன் பங்குக்கு, வைத்தியத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டான்.

"வைத்தியம் தெரியாதுங்க. ஆளுக்கு ஒரு படியில அளந்தா சந்தையில ஒதைப்பாங்க, அது தெரியும்."

வைத்தியன் பேனாவைக் கீழே வைத்தான். கிழட்டுச் சிப்பாயைப் பார்த்தான். அவன் இன்னும் இருமிக்கொண்டிருந்தான். நாளை ஒரே ஆள் இரண்டையும் இழுக்கட்டும் என்று முடிவாயிற்று.

இரண்டாம் நாள் குப்பம்மா மடியில் முப்பது கிளிஞ்சல் கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு இழுப்புக்கு ஒரு கிளிஞ்சலை இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் நகர்த்துவாள். அவள் நகர்த்திய பிறகுதான் அடுத்த இழுப்பு. வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் இவள் கையைப் பார்த்துப் பார்த்து மூச்சு இழுத்தது வேடிக்கையாக இருந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு ஜாடிக்கும் அதே முப்பது. இரண்டுக்கும் ஒரே பானைத் தண்ணீர். மணல் இரண்டு முறை விழுந்தது. பச்சைமுத்து ஜாடியில் பதினெட்டு செத்திருந்தது. கோட்டை ஜாடியில் ஆறு.

இந்தத் தடவை அளவில் குறை இல்லை. வைத்தியன்கூட வருத்தமாகத்தான் பார்த்தான். மூன்றாவது முறை ஒன்று பார்ப்பேன், அதோடு முடித்துவிடுவேன் என்று சொல்லியனுப்பினான்.

வரும் வழியில் அவள் அழவில்லை.

"யக்கா, நாம இன்னாத்தையோ பாக்காம வுட்டிருக்கோம்" என்றாள்.

நான் முனீஸ்வரனுக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னேன். சாமியெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பறியைக் கழுவ எடுத்தேன். அடி ஓலை முழுக்கப் பழுப்பு. அது நாள்பட்ட கறை, எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்றைக்குத்தான் முகர்ந்து பார்த்தேன்.

நான் புகையிலை போடுகிறவள். தாலி அறுத்த பிறகு பழகியது. தண்ணீரில் இறங்கினால் ஒரு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வேன், குளிர் தெரியாது. பறி பல்லில், புகையிலை கன்னத்தில். ஊறுகிற சாறு எங்கே போகும்? பறிக்குள்தான் வடியும். ஆட்டுப் புண்ணில் புழு வைத்தால் புகையிலையை மென்று துப்புகிறவள் நான். புழு அப்படியே சுருண்டு விழும். அது தெரிந்த எனக்கு இறாலுக்கும் அதே கதிதான் என்று தோன்றாமல் போயிற்று. சந்தைக்குப் போகிற இறால் எப்படியும் சாகப்போகிறது, அது எதனால் சாகிறது என்று எவள் பார்க்கிறாள்? குப்பம்மாவுக்குப் புகையிலைப் பழக்கம் கிடையாது. அவள் இறால் சுத்தம். என் இறால் ஜாடிக்குப் போவதற்கு முன்பே குற்றுயிர். அது ஒவ்வொரு நாளும் பச்சைமுத்து ஜாடிக்குத்தான் போனது.

ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் வீடு நாற்பது அடி தூரம். நான் போகவில்லை. சொன்னால் கோட்டைக்காரன் நம்புவானா, நீதான் விஷம் கலந்தாய் என்று என்னைக் கொடிமரத்தில் கட்டி அடிப்பானா என்று பயம். கேட்க ஆள் இல்லாத முண்டச்சி. நாளைக்குப் புகையிலை போடாமல் இறங்குவோம், பறியையும் சாம்பல் போட்டுத் தேய்த்துவிடுவோம், ஜாடி இரண்டும் சமமாகிவிடும், பச்சைமுத்து வெளியே வந்துவிடுவான், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். புத்திசாலி என்று நினைப்பு.

மூன்றாம் நாள் அப்படியே செய்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு இறங்கினேன். நான் நினைத்தபடியே ஆயிற்று. பச்சைமுத்து ஜாடியில் எட்டு செத்தது, கோட்டை ஜாடியில் ஏழு. எனக்கு மூச்சு வந்தது. ஒரு துண்டு கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

துரை சிரிக்கவில்லை. எழுந்து வந்தான், முகம் சிவந்திருந்தது. அவன் கத்தியதை வேணு மெதுவாகச் சொன்னான். அதே சுருட்டு, அதே ஆள், அதே முப்பது இழுப்பு. இரண்டு நாள் ஒரு மாதிரி, மூன்றாம் நாள் வேறு மாதிரி. இந்தப் பெண்டாட்டி தன் நல்ல இறாலை வரும் வழியில் அந்தக் கிழவியின் பறியில் மாற்றிப் போட்டுவிட்டாள். சோதனையைக் கெடுக்கப் பார்க்கிறவள் என்றால் புருஷன் செய்தது அவளுக்குத் தெரியும். முதல் இரண்டு நாள் கணக்கே போதும்.

இரண்டு சிப்பாய்கள் குப்பம்மாவின் கையை முறுக்கிப் பிடித்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாற்றவில்லை என்று நான் சாட்சி சொல்வேன் என்று பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பச்சைமுத்துவிடம் உண்மையை வாங்கச் சொல்லி உள்ளே ஆள் போனது. விரல் நசுக்கும் இரும்பு ஒன்று வைத்திருந்தார்கள். சற்று நேரத்தில் அவன் கத்தினான். மாடு கத்துகிற மாதிரி இருந்தது. அதன் பிறகுதான் என் வாய் திறந்தது. அதற்கு முன்பு இல்லை.

"தொர, அந்த எறாவக் கெடுத்தது நான். அவ இல்ல. என் வாயில பொகையில இருந்துச்சு, அது பறிக்குள்ள எறங்கிடுச்சு. இன்னைக்கு மட்டும் போடாம வந்தேன்."

வேணு மாற்றிச் சொன்னதும் சிப்பாய்கள் சிரித்தார்கள். பயத்தில் கிழவி உளறுகிறாள் என்று துரை கையை வீசினான். குப்பம்மா மட்டும் சிரிக்கவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. அவள் முகத்தில் கோபம் வந்தது, அது அப்படியே நின்றது, பிறகு வேறு ஏதோ வேலைக்கு வழிவிட்டு அது ஒதுங்கிக்கொண்டது போல இருந்தது. கையை முறுக்கியிருக்கும்போதே கேட்டாள்.

"இப்ப வாயில இருக்குதா?"

"இருக்குது."

"துப்பாத. அப்படியே ஏரிக்கு நட. ஐயா, பொகையே போடாத ஜாடி ஒண்ணு வெச்சிருங்க. அவ புடிச்ச எறா வெறுந்தண்ணியில செத்துச்சுன்னா அப்புறம் பேசுங்க."

வேணு அதைச் சொன்னதும் வைத்தியன் துரையின் பக்கம் திரும்பி நிறையப் பேசினான். என்ன பேசினான் என்று வேணு எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போயிருந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். குப்பம்மாவை முற்றத்திலேயே உட்கார வைத்துவிட்டு, ஒரு சிப்பாயை என்னோடு அனுப்பினார்கள். நான் ஏரியில் இறங்கிய இடத்தில் அவன் முழங்கால் தண்ணீரில் பூட்ஸோடு நின்றான். கன்னத்தில் புகையிலை, பல்லில் பறி. அன்றைக்கு அது கசந்தது போல என்றைக்கும் கசந்ததில்லை.

பொழுது சாய்வதற்குள் இருபது இறாலை வெறுந்தண்ணீரில் விட்டார்கள். குழல் இல்லை, புகை இல்லை. முதல் மணல் விழுந்து முடிவதற்குள் ஒன்பது மல்லாந்தது. இரண்டாவது முடிந்தபோது பதினாறு. வைத்தியன் என் பறியை வாங்கி உள்ளே மூக்கை விட்டு முகர்ந்தான். பிறகு என் வாயைத் திறக்கச் சொல்லி அதையும் முகர்ந்தான். கட்டினவன்கூட அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை.

ஆனால் அதோடு தீரவில்லை. முதல் இரண்டு நாள் கணக்குக் கெட்டது, அவ்வளவுதான் நிரூபணம் ஆயிற்று. சுருட்டில் விஷம் இல்லை என்று ஆகவில்லை. மூன்று நாளில் ஆறு சுருட்டு எரிந்துபோய் மீதி இரண்டுதான் இருந்தது. அது ஒரு சோதனைக்குத்தான் வரும். மறுநாள் நாலாம் நாள். இதில் தப்பினால் மறுபடி பார்க்கச் சுருட்டும் இல்லை, பொழுதும் இல்லை.

அன்று இருட்டுவதற்கு முன் குப்பம்மா வேணுவிடம் ஒன்று சொன்னாள், அவன் வைத்தியனிடம் சொன்னான். எங்கள் ஏரியில் நாலு பேர் சேர்ந்து தடவினால் பிடித்ததை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிக் கலந்துவிடுவோம். பிறகு ஒருத்தி கூறு போடுவாள். பெரியது, சின்னது என்று பார்த்து ஒவ்வொரு கூறுக்கும் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போவாள். இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். கூறு போட்டவள் ஒன்றைத் தொட்டு, இது யாருக்கு என்பாள். பார்க்காதவள் ஒரு பெயரைச் சொல்லுவாள். சொன்னது சொன்னதுதான். அப்படிச் செய்தால் பொறுக்கி எடுத்தாய், ஏமாற்றினாய் என்று யாரும் வாய் திறக்க முடியாது. நாளைக்கு அப்படிச் செய்யலாம் என்றாள். நாலு கூறு வேண்டும் என்றாள். ஒன்று பச்சைமுத்து சுருட்டுக்கு. ஒன்று புகை இல்லாத வெறும் ஜாடிக்கு. இரண்டு கோட்டை இலைக்கு.

கோட்டை இலைக்கு எதற்கு இரண்டு என்று வேணுவுக்குப் புரியவில்லை. இருக்கட்டும், வையுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

நாலாம் நாள் காலையில் ஏரிக்கரையில் அவள் முதலில் என் வாயைத் திறந்து காட்டச் சொன்னாள். விரலை உள்ளே விட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். புதுப் பறி ஒன்றை என் கையில் கொடுத்தாள்.

முற்றத்தில் இரண்டு பறியையும் ஒரே அகலப் பானையில் கவிழ்த்தாள். துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் மண்தரையில் ஈரச் சாக்கை விரித்து, விரல் நீள இறாலாக நாலு இடத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். அவள் கை அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை. கூறுக்கு இருபது. வைத்தியனை மதிலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னாள். அவன் நின்றான். பின்னால் சிப்பாய்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

"இது யாருக்கு?"

வைத்தியன் மதிலைப் பார்த்து ஏதோ சொன்னான். "கோட்டைக்கு" என்றான் வேணு.

"இது?"

"வெறும் ஜாடிக்கு."

மூன்றாவதைத் தொட்டாள். அது பச்சைமுத்துவுக்கு என்று வந்தது. நாலாவது மறுபடி கோட்டைக்கு.

ஒரே சிப்பாய், ஒரே பானைத் தண்ணீர், முப்பது கிளிஞ்சல். மூன்று ஜாடிக்கும் அவன் இழுத்து முடித்தபோது கண் சொருகிப் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டான். அதற்கு முன்பே வெறும் ஜாடிக்கும் குழல் வைத்து, சுருட்டு இல்லாமல் வெறும் காற்றை முப்பது முறை அவனையே இழுக்க வைத்தாள். மணல் இரண்டு முறை விழுகிற வரைக்கும் யாரும் உட்காரவில்லை, துரையைத் தவிர. குப்பம்மா ஜாடியைப் பார்க்கவே இல்லை. சிறைக்கூடத்துக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெறும் ஜாடியில் ஒன்று செத்திருந்தது. கோட்டையின் முதல் ஜாடியில் ஏழு. பச்சைமுத்து ஜாடியில் ஒன்பது.

துரை நாற்காலியிலிருந்து எழுந்தான். இரண்டு அதிகம் என்றான். வேணு அதை மாற்றிச் சொன்னான். குப்பம்மா கடைசி ஜாடியைக் கையால் காட்டினாள். அதுவும் கோட்டை இலைதான், அவர்களுடைய கிடங்கில் இருந்து அவர்களே எடுத்துச் சுற்றியது. வைத்தியன் குனிந்து எண்ணினான். பத்து.

"கூறு போட்டா எதுவும் அச்சா ஒண்ணா இருக்காதுங்க" என்றாள் அவள். "உங்க இலையே ஒண்ணுல ஏழு கொன்னுச்சு, இன்னொண்ணுல பத்து. என் வூட்டுக்காரரோடது ரெண்டுக்கும் நடுவுல இருக்குது. ஏழுக்கும் ஒம்பதுக்கும் அவரத் தூக்குல போட்டா, ஏழுக்கும் பத்துக்கும் உங்க கெடங்குக்காரரையும் போடணும்."

வேணு இதை முழுக்க மாற்றிச் சொன்னானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கொஞ்சம் பதமாகத்தான் சொல்லியிருப்பான். வைத்தியன் நாலு ஜாடியையும் வரிசையாக வைத்து மறுபடி எண்ணினான். வாயிலிருந்த குழாயை எடுத்தான். அதில் எரிந்ததும் அந்தக் கிடங்கு இலைதான். ஜாடியைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், திரும்ப வாயில் வைத்துக்கொண்டான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானும் இன்றைக்கு வரைக்கும் புகையிலையை விடவில்லை. தண்ணீரில் இறங்கும்போது மட்டும் போடுவதில்லை.

பிறகு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டான். செத்த சிப்பாய் எதனால் செத்தான் என்று தெரியவில்லை, சுருட்டினால் இல்லை என்று எழுதியிருப்பதாக வேணு சொன்னான். துரை அந்தக் காகிதத்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். ஐந்தாம் நாள் காலையில் கப்பல் கிளம்பியது, கோட்டைக் கதவு திறந்தது, பச்சைமுத்து நடந்து வந்தான். கோட்டை வாசலில் இனி சுருட்டு விற்கக் கூடாது என்று உத்தரவு. அது இல்லாவிட்டாலும் அவனால் விற்றிருக்க முடியாது. வலது கைக் கட்டைவிரலும் பக்கத்து விரல் இரண்டும் கறுத்து வீங்கித் தொங்கின. அந்த விரல்கள் மறுபடி மடங்கவே இல்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குப்பம்மா மஞ்சள் தண்ணீரில் அவன் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே கேட்டாள்.

"எப்போ தெரியும் ஒனக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். அங்கே முற்றத்தில்தான் சட்டென்று தோன்றியது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"ரெண்டாம் நாளு" என்றேன். "பறியக் கழுவும்போது."

அவள் அவனுடைய விரலைத் துணியால் சுற்றினாள். மூன்றாம் நாள்தான் அந்த விரல் நசுங்கியது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் என்னோடு ஏரிக்கு வரவில்லை. காலையில் வேறு பக்கம் தனியாகத் தடவுவாள், வெயில் ஏறியதும் வீட்டுக்கு வந்து சுருட்டு சுற்றுவாள். அவன் சொல்லிக் கொடுப்பான், அவள் சுற்றுவாள். படகுத்துறையில் கொண்டுபோய் விற்பாள். வைத்தியன் இரண்டு முறை வேணுவை அனுப்பினான், புதுப் புகையிலை மூட்டை வந்திருக்கிறது, ஜாடி வைத்துப் பார்க்க வேண்டும், வரச் சொல்லு என்று. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று நீயே பார்த்தாயே, முதுகைக் காட்டி நிற்க ஒரு ஆள் போதும், நான் எதற்கு என்று அனுப்பிவிட்டாள். நாலு கூறு, முப்பது இழுப்பு என்று கோட்டையில் அவர்களே செய்துகொண்டார்களாம்.

நான் மட்டும் தினமும் மத்தியானத்தில் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. இலையில் நரம்பு உரிக்கும் வேலை ஒரு ஆளுக்கு நிறைய இருந்தது. முதல் நாள் கூடையை என் பக்கம் தள்ளவில்லை. இரண்டாம் நாள் தள்ளினாள். நான் உரித்து வைப்பேன், அவள் எடுத்துச் சுற்றுவாள், பொழுது சாய்ந்தால் எழுந்து வருவேன். வீட்டில் பச்சைமுத்து மட்டும்தான் பேசுவான். அவனுக்கு என்மேல் அவ்வளவு கோபம் இல்லை. அவளுக்கு இருந்தது. நான் அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

பங்குனி போயிற்று, ஆடிக் காற்று வந்து போயிற்று, ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் மத்தியானம் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. நான் உரித்து வைத்த இலையை எடுத்தவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திரும்ப என் முன்னால் போட்டாள்.

"இதுல நரம்பு இருக்குது. பாத்து உரி."

எட்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் இலையை எடுத்து, மறுபடியும் உரித்தேன்.